ஜினியா வளர்ப்புப் பெட்டி: செங்கோட்டைச் சாரலுக்கு எது உதவும், எது உதவாது

இணையத்தில் ஆர்டர் போட்டால் வாசலுக்கே வந்துவிடும் ஜினியா வளர்ப்புப் பெட்டிகள் இப்போது தென்காசி, செங்கோட்டை, புளியரைப் பக்கமும், மலை தாண்டி ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வரையும் வருகின்றன. விற்பவர் பெயர் மாறும். உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். 50 விதை கொண்ட பாக்கெட், 650 கிராம் கோகோபீட் (தென்னை நார்க்கழிவு) கட்டி, 98 குழித்தட்டை நடுவில் வெட்டிய பாதி, அதன்மேல் கவிழ்க்க ஒரு பிளாஸ்டிக் மூடி, வேர்பிடிப்புப் பொடி, தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம் 50 கிராம், வேப்பம் புண்ணாக்கு 100 கிராம், ‘வளர்ச்சி ஊக்கி’ என்று லேபிள் ஒட்டிய சின்ன பாட்டில், தெளிப்பான், ஒரு விளக்கத்தாள். விலை 500 ரூபாயிலிருந்து 600 ரூபாய்க்குள்.

5-க்கு இரண்டரை மதிப்பெண் தரலாம். ஜினியாவுக்குச் செலவழிக்கும் காசு விதைக்குப் போக வேண்டும். இந்தப் பெட்டியிலோ மிகக் குறைவாகக் காசு போயிருப்பது விதையில்தான். மற்ற சாமான்கள் பெட்டியை நிறைக்கின்றன.

ஜினியா மெக்சிகோவின் வறண்ட வெயில் நிலத்துச் செடி. ஜெர்மானிய உடற்கூறு அறிஞர் யோஹான் காட்ஃபிரீட் சின் (1727–1759) நினைவாக லின்னேயஸ் வைத்த பெயர் அது. வெயிலும் வெப்பமும் இருந்தால் 3 முதல் 5 நாளில் முளைக்கும். மண்ணின் சூடு 21 முதல் 27 டிகிரி போதும். நம் பக்கத்தில் மார்கழிப் பனியிலும் அதற்குப் பெரிய குறை வராது. மூடி போட்டுக் கதகதப்பாக வைத்து முளைக்க வைக்கும் ஏற்பாடெல்லாம் குளிர் நாட்டாருக்குத் தேவை. நமக்கு முளைப்பதில் சிக்கல் இல்லை. முளைத்த பிறகு வரும் ஈரத்திலும் காற்றிலும்தான் சிக்கல். பெட்டியைத் தயாரித்தவர்கள் இதை யோசிக்கவில்லை.

முதலில் விதை. பாக்கெட்டின் முகப்பில் டேலியா மாதிரி அடுக்கடுக்காக இதழ் வைத்த பூவின் படம். பின்பக்கம் ‘ஜினியா, பல நிறம்’ என்பதோடு சரி. ரகத்தின் பெயர், செடியின் உயரம், முளைப்புச் சோதனை நடந்த தேதி, முளைப்பு சதவீதம் ஒன்றும் கிடையாது. பொட்டலம் கட்டிய தேதி மட்டும் அச்சிட்டிருக்கிறார்கள். அது விதையின் வயதைச் சொல்லாது. இரண்டு வருஷத்துப் பழைய விதையை நேற்று பொட்டலம் கட்டினாலும் நேற்றைய தேதிதான் அதில் இருக்கும். நல்ல விதை நிறுவனங்கள் லாட் எண், சோதனைத் தேதி, முளைப்பு சதவீதம், நிகர எடை நான்கையும் அச்சிடும். அந்த நான்கும் உள்ள பாக்கெட்டையே கேட்டு வாங்குங்கள்.

ரகத்தின் பெயர் ஏன் முக்கியம் என்றால், ஜினியாவில் உயர வித்தியாசம் மிகப் பெரிது. ஸ்டேட் ஃபேர், பெனாரிஸ் ஜயண்ட் போன்ற நெட்டை ரகங்கள் இடுப்பளவுக்கு மேல் போகும். பறித்து ஜாடியில் வைக்க அவைதான் நல்லது. ட்ரீம்லேண்ட் மாதிரி குட்டை ரகங்கள் ஒரு அடியோடு நிற்கும், தொட்டிக்குச் சரி. புரொஃப்யூஷன் வரிசை இரண்டு ஜினியா இனங்களைச் சேர்த்து ஜப்பானின் சகாட்டா நிறுவனம் உருவாக்கியது. அதன் ஆரஞ்சும் செர்ரி நிறமும் 1999-இல் புது ரகங்களைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கும் அமெரிக்காவின் ஏஏஎஸ் (ஆல்-அமெரிக்கா செலக்‌ஷன்ஸ்) அமைப்பின் தங்கப் பதக்கம் பெற்றவை. பூ சிறிதாக ஒற்றை இதழோடு இருக்கும். ஆனால் சாம்பல் நோயையும் இலைப்புள்ளியையும் நன்றாகத் தாங்கும். சாரல் விழும் ஊர்க்காரர்கள் வேறு எதையும் பார்க்காமல் அந்தக் குணத்துக்காகவே அதை வாங்கலாம். பெயரில்லாப் பாக்கெட்டில் இந்த மூன்றில் எது வரும் என்று சொல்ல முடியாது. மாடித் தொட்டியில் போட்டது நெட்டை ரகமாக இருந்தால், ஆனி மாதக் காற்றில் ஒரே நாளில் சாய்ந்துவிடும்.

விதையைக் கையில் கொட்டிப் பாருங்கள். ஜினியா விதை தட்டையாக, மண்வெட்டித் தகடு போல, பழுப்பும் சாம்பலும் கலந்த நிறத்தில் இருக்கும். கிராமுக்கு சுமார் 100-லிருந்து 125 வரை நிற்கும். ஆகவே 50 விதை என்பது அரை கிராமுக்கு மேல் போகாது. நகத்தால் அழுத்தினால் நடுவில் பருப்பு தட்டுப்பட வேண்டும். தாள் மாதிரி மடங்கினால் பதர். பாக்கெட்டில் காய்ந்த இதழும் உமியும் கலந்து கிடந்தால் சரியாகப் புடைக்காத விதை. தண்ணீரில் போட்டு மிதப்பதைத் தள்ளும் பழக்கம் இங்கே உதவாது. தட்டையான விதை என்பதால் நல்லதும் மிதக்கும்.

விதைப்பதற்கு முன் 10 விதையை எடுத்து ஈரத் துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள். நான்காம் நாள் பிரித்து எண்ணுங்கள். எட்டும் அதற்கு மேலும் முளைத்திருந்தால் குழிக்கு ஒன்று போதும். ஆறு, ஏழு என்றால் குழிக்கு இரண்டு. ஐந்துக்குக் கீழே போனால் படம் எடுத்து அனுப்பிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். முளை விட்டதை வீணாக்க வேண்டாம். வேர் ஒடியாமல் எடுத்து அப்படியே நட்டுவிடலாம்.

இன்னொரு ஏமாற்றம் பூத்த பிறகு தெரியும். அடுக்கு ஜினியா என்று விற்கும் விதையில் ஒற்றை அடுக்குப் பூவும் ஒரு பங்கு வரும். நல்ல நிறுவனத்து விதையிலும் கொஞ்சம் உண்டு. கலவைப் பாக்கெட்டில் அதிகம். அடுக்குப் பூதான் வேண்டுமென்றால் தேவைக்கு மேலாக விதைத்து, முதல் பூவைப் பார்த்துக் கழிக்க வேண்டும். 50 விதையில் அதற்கு இடம் போதாது. விதை மட்டும் தனியாக, ரகப் பெயரோடு, 2 கிராம் வாங்குகிறவர் கையில் 200 விதைக்கு மேல் இருக்கும்.

கோகோபீட் கட்டிக்கு வருவோம். பெட்டியில் மிகவும் பயன்படுகிற பொருள் இது. விளக்கத்தாள் மிகவும் தவறாகச் சொல்லியிருப்பதும் இதைப் பற்றித்தான். ‘ஒரு லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து உடனே பயன்படுத்தவும்’ என்று போட்டிருக்கிறார்கள். 650 கிராம் கட்டி முழுசாக விரிய மூன்று லிட்டர் வரை குடிக்கும். விரிந்தால் சுமார் 8 லிட்டர் வரும். ஒரு லிட்டரில் நிறுத்தினால் வெளிப்புறம் நொறுங்கி, நடுவில் காய்ந்த கட்டி அப்படியே இருக்கும். அதை உதிர்த்துத் தட்டில் நிரப்பினால் சில குழி ஈரமாகவும் சில குழி வறண்டும் போய், முளைப்பு ஒழுங்கில்லாமல் வரும். பிறகு பழி விதைமேல் விழும்.

‘உடனே’ என்பதும் தவறு. தென்னை நார்க்கழிவில் உப்பு இருக்கும். மட்டை ஊறிய தண்ணீரைப் பொறுத்தும் மரம் நின்ற மண்ணைப் பொறுத்தும் சோடியம், பொட்டாசியம், குளோரைடு எல்லாம் கூடிக் குறையும். காயல் தண்ணீரில் ஊறிய மட்டையின் கழிவில் கூடுதல். கழுவிய, ‘ஈ.சி. குறைந்தது’ (ஈ.சி. என்பது உப்பளவைக் காட்டும் எண்) என்று அச்சிட்ட கட்டி நாற்றுக்கு ஏற்றது. பெட்டியில் வருவதில் அப்படி எதுவும் இல்லை. ஆகவே விரிந்த கோகோபீட்டை ஒரு சாக்கிலோ பழைய வேட்டித் துணியிலோ கட்டித் தொங்கவிட்டு, வாளித் தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். அரை மணி நேர இடைவெளியில் மூன்று முறை. முதல் தண்ணீர் காப்பி நிறத்தில் வரும். மூன்றாவது வெளிறிய டீ நிறத்துக்கு வர வேண்டும். நிறம் மட்டும் உப்பைக் காட்டாது. வீட்டில் டி.டி.எஸ். பேனா (தண்ணீரில் கரைந்த உப்பை பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று காட்டும் கருவி) இருந்தால், ஊற்றிய தண்ணீரையும் வடிந்த தண்ணீரையும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 200 பிபிஎம்முக்குள் வந்தால் நிறுத்தலாம். கழுவாமல் போட்டால் முதல் இரண்டு இலையின் ஓரம் கருகும், அடுத்த ஜோடி இலை வராமல் செடி குத்துக்கல்லாக நிற்கும். பார்ப்பவர்கள் தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றுவார்கள், வேர் அழுகும்.

கோகோபீட்டில் சத்து என்று சொல்ல ஒன்றும் இல்லை. முளைத்து ஒரு வாரம் விதையிலுள்ள சத்தில் ஓடும். அதற்குப் பிறகு வேண்டுமே என்று கோகோபீட் இரண்டு பங்கு, நன்றாக மட்கிய மண்புழு உரம் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு கலப்பது வழக்கம். சாரல் காலமென்றால் மூன்றும் சம பங்கு. கோகோபீட் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெயில் நாளில் அது வரம். வாரம் முழுக்கச் சூரியன் தலைகாட்டாத ஆனி, ஆடியில் அதுவே நாற்றழுகலுக்கு வழி.

வேப்பம் புண்ணாக்கை விதைக்கிற அன்று கலக்கச் சொல்கிறது தாள். செய்ய வேண்டாம். ஈரம் பட்ட பச்சைப் புண்ணாக்கில் இரண்டாம் நாளே வெள்ளைப் பூஞ்சணம் படரும். கலவையோடு சேர்த்துப் பிசிறி, பதினைந்து நாள் நிழலில் மூடி வைத்த பிறகு பயன்படுத்தினால் நல்லது. பொறுமையில்லாதவர்கள் அதை எடுத்துவைத்து, நாற்றை மாற்றி நடும்போது குரோ பேக்கின் (செடி வளர்க்கும் பையின்) அடியில் போடட்டும்.

குழித்தட்டு நன்றாகவே இருக்கிறது, ஆனால் ஜினியாவுக்கு அது அவ்வளவு பொருத்தமில்லை. பாதித் தட்டு என்பதால் 49 குழி. நிரப்ப ஒன்றேகால் லிட்டர் கலவை போதும். குழி சின்னது. ஜினியா வேர் நேராகக் கீழே ஓடும், தடுத்தால் சுருளும். 18-லிருந்து 21 நாளுக்குள், நான்கு இலை விரிந்ததும் எடுத்து நட்டுவிட வேண்டும். 25 நாள் தாண்டினால் செடி அந்தச் சின்னக் குழியிலேயே தன் வாழ்வை முடிக்கப் பார்த்து, சாண் உயரத்தில் ஒரு மொட்டு வைத்து நின்றுவிடும். பிறகு பெரிய தொட்டியில் வைத்தாலும் பழைய வேகம் வராது. சாலையோர நர்சரிகளில் பூவோடு விற்கும் ஜினியா நாற்றில் பாதி இப்படிப்பட்டதுதான். பூவைப் பார்த்து வாங்காதீர்கள். மொட்டே வைக்காத, அடித்தண்டு தடித்த, நான்கைந்து ஜோடி இலையுள்ள நாற்றைத் தேடி எடுங்கள்.

அடியில் துளையிட்ட பேப்பர் டீ கப் இந்தத் தட்டைவிட மேல். கலவை கூடுதலாகப் பிடிக்கும், நடும்போது கப்பைக் கிழித்துவிட்டு வேர் அசையாமல் இறக்கிவிடலாம். எல்லாவற்றிலும் மேல், நிற்கப் போகும் இடத்திலேயே நேராக விதைப்பது. 12 அங்குல குரோ பேக்கில் நெட்டை ரகத்துக்கு நடுவில் ஒரு இடம், குட்டைக்கு இரண்டு இடம். இடத்துக்கு மூன்று விதை, 6 மில்லிமீட்டர் ஆழம். அதாவது சுண்டுவிரல் நகத்தின் பாதி. அதற்கு மேல் ஆழமாகப் போனால் முளை மேலே வருமுன் சோர்ந்துவிடும். மேலாக விட்டால் எறும்பும் சிட்டும் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது ஜோடி இலை வந்ததும் திடமான ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கத்தரியால் வெட்டுங்கள். பிடுங்கினால் நிற்கிற செடியின் வேரும் கூட வரும்.

தட்டில்தான் போடுவேன் என்பவர்கள் ஈரத்தாள் மூடி இரண்டு நாள் வைக்கலாம். பாதி விதை தலைநீட்டியதும், அது காலையானாலும் மாலையானாலும், மூடியதை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் தண்டு நூலாக நீண்டு வெளுக்கும். அப்படி நீண்ட நாற்றைக் கழுத்துவரை புதைத்துக் காப்பாற்றலாம் என்பார்கள். சாரல் ஈரத்தில் புதைத்த தண்டு அழுகும் வாய்ப்பே அதிகம். புதிதாக விதைப்பது நல்லது, ஐந்து நாள் கணக்குதானே.

இங்கேதான் அந்த பிளாஸ்டிக் மூடியின் பிரச்சினை. தாளில் ‘10 நாள் மூடி வைக்கவும்’ என்றிருக்கிறது. காற்றே ஈரமாக இருக்கும் ஊரில் இது நாற்றழுகலை வீட்டுக்குள் அழைப்பது. மண்மட்டத்தில் தண்டு நூல் கட்டியதுபோலச் சுருங்கி, மறுநாள் வரிசையாகச் சாய்ந்து கிடக்கும். ஈரமும் காற்றோட்டமின்மையும் ஜினியாவை என்ன செய்யும் என்பதற்கு எல்லாரும் அறிந்த சாட்சி சர்வதேச விண்வெளி நிலையத்தில் உண்டு. 2015 டிசம்பரில் அங்கே வளர்ந்த ஜினியாக்களில் தண்ணீர் மிகுந்து, காற்று போதாமல் பூஞ்சணம் பிடித்தது. விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி விசிறியின் வேகத்தைக் கூட்டி, பாதித்த பகுதிகளை வெட்டி, செடியின் நிலையைப் பார்த்துத் தண்ணீர் விடும் முறைக்கு மாறினார். 2016 ஜனவரியில் ஆரஞ்சுப் பூ மலர்ந்தது. அத்தனை கருவிகள் சூழ்ந்த இடத்திலேயே அட்டவணைப்படி தண்ணீர் விட்டது ஒத்துவரவில்லை. மூடியை எடுத்து வெங்காயம் வைக்கப் பயன்படுத்துங்கள். நாற்றுக்கு மேல் காற்று போகட்டும்.

வேர்பிடிப்புப் பொடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொடி தேவையில்லை என்றாலும் அது சுட்டும் வேலை மிகவும் உபயோகமானது. ஜினியாவை நுனிக்குச்சி வைத்தும் பெருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. செடி ஒரு அடி உயரம் வரும்போது மூன்றாவது ஜோடி இலைக்கு மேலே கொழுந்தைக் கிள்ளச் சொல்வோம். பக்கக் கிளை வெடித்து, ஒரு பூ வர வேண்டிய இடத்தில் நான்கு பூ வரும். கிள்ளிய நுனியை எறிய வேண்டாம். மொட்டு வைக்காத, 8 முதல் 10 சென்டிமீட்டர் நுனி. கணுவுக்குச் சற்றுக் கீழே கூரான பிளேடால் வெட்டுங்கள். கீழ் இலைகளை எடுத்து, மேலே இரண்டு ஜோடி விடுங்கள். முற்றின கிளையை எடுக்கக் கூடாது. அதன் உள்ளே கூடு விழுந்திருக்கும், தண்ணீர் புகுந்து அழுகும். மணலும் கோகோபீட்டும் சம பங்கு கலந்த கப்பில் ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி குச்சியால் துளையிட்டுச் செருகி, நிழலில் வையுங்கள். 10 முதல் 14 நாளில் வேர் பிடிக்கும். லேசாக இழுத்தால் எதிர்த்து நின்றால் பிடித்துவிட்டது என்று பொருள்.

விதை நாற்றைக் கெடுக்கும் அதே சாரல் நாள் குச்சி வைப்பதற்கு ஒத்துவரும். வேரில்லாத குச்சி வாடாமலிருக்க காற்றில் ஈரம் வேண்டும், வெயில் குறைய வேண்டும். ஆனியில் செங்கோட்டை வீட்டுத் தார்சாவிலும் புனலூர் வீட்டு உம்மரத்திலும் (இரண்டும் வீட்டின் முன்பகுதி) அது சும்மாவே கிடைக்கிறது. கூடவே, உங்களுக்குப் பிடித்த அடுக்குப் பூவின் நிறம் அப்படியே வரும். விதையில் அந்த உறுதி கிடையாது. மென்தண்டுக்கு ஐ.பி.ஏ. (பொடியில் வேரைத் தூண்டும் மருந்து) 1000 பிபிஎம்முக்கு மேல் வேண்டாம்; ஜினியாவுக்கு அதுவும் இல்லாமலே வேர் வரும். பெட்டியில் வரும் பொடியில் அளவே அச்சிடவில்லை. கடினத் தண்டுக்கான பொடியாக இருந்தால் குச்சியின் அடி கருத்துவிடும். ஆகவே தொடாமலிருப்பது நல்லது. செம்பருத்திக் குச்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

19:19:19 பொட்டலம் நியாயமான பொருள். இரண்டாவது ஜோடி இலை வந்தபின் லிட்டருக்கு 1 கிராம், வாரம் ஒரு முறை, மண்ணில் மட்டும். மாற்றி நட்டு இரண்டு வாரம் கழித்து லிட்டருக்கு 2 கிராம், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை. மொட்டு தெரிந்ததும் நிறுத்திவிட்டு, பூ பெரிதாக வேண்டுமென்றால் 13:0:45 அதே அளவில் கொடுங்கள். தழைச்சத்து கூடினால் இலை தளதளவென்று இருக்கும், தண்டு நீர் கோத்து முறியும், பூ தாமதிக்கும். ‘வளர்ச்சி ஊக்கி’ பாட்டிலில் உள்ளடக்கம் எழுதவில்லை. என்ன என்று தெரியாததை இளநாற்றில் ஊற்றக் கூடாது. தெளிப்பான் சுமார், இரண்டு மாதம் உழைக்கும்.

விளக்கத்தாளின் பெரிய குறை காலக்கணக்கு. ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிட்ட அந்தத் தாள் வடநாட்டுச் சமவெளிக்கு எழுதியது. மழை மாதத்திலும் விதைக்கச் சொல்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் காற்று புகும் நான்கு முக்கியக் கணவாய்களில் செங்கோட்டைக் கணவாயும் ஒன்று. மற்றவை பாலக்காடு, கம்பம், ஆரல்வாய்மொழி. தென்மேற்குப் பருவம் தொடங்கினால் மேகமும் காற்றும் இந்த வாசல் வழியாகத்தான் வரும். அந்த நாளில் திறந்த மாடியில் விதைத்தால் இரண்டு விதமாகவும் நஷ்டம்: வெயில் இல்லாமல் நாற்று நீளும், நீண்ட நாற்றைக் காற்று முறிக்கும்.

இந்த ஊருக்குச் சிறந்த விதைப்பு, வடகிழக்கு மழை ஓய்ந்த மார்கழிக் கடைசியும் தை மாதமும். மாசி, பங்குனியில் பூ நிறைந்து நிற்கும். நோய் மிகக் குறைவு. சித்திரையிலும் விதைக்கலாம், வேரடியில் தண்ணீர் தவறாமல் இருந்தால் வெயிலை ஜினியா பொருட்படுத்தாது. ஐப்பசியைத் தவிர்த்துவிடுங்கள்.

ஓணத்துக்குப் பூ வேண்டும் என்பதே இந்தப் பக்கத்தில் பலரின் ஆசை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி சென்னை மாநிலத்தோடு சேரும்வரை செங்கோட்டை திருவிதாங்கூரிலும், 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் சொந்தம் இல்லாத வீடு குறைவு. ஆவணியில் அத்தம் தொடங்கித் திருவோணம் வரை பத்து நாள் பூக்களம். செண்டுப்பூவும் வாடாமல்லியும் விலை ஏறும் அந்த நாட்களில் ஜினியா நன்றாகக் கைகொடுக்கும். முழுப் பூவாகக் கிள்ளி வைத்தால் மாலை வரை சுருங்காது. அத்தத்துக்கு 65 நாள் முன்னால் விதைக்க வேண்டும். திருவோணம் வருஷத்துக்கு வருஷம் நகரும் என்பதால் மலையாளக் காலண்டரைப் பார்த்துப் பின்னோக்கி எண்ணுங்கள். பெரும்பாலும் வைகாசிக் கடைசியிலோ ஆனியிலோ வந்து நிற்கும். அதாவது நாற்றுப் பருவம் சரியாகச் சாரலில் மாட்டும். அதற்கு மூன்று ஏற்பாடு வேண்டும்: மேலே மழை விழாதபடி ஒளி ஊடுருவும் தாள், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும், இடம் வீட்டின் கிழக்குச் சுவரோரம். காற்று மேற்கிலிருந்து வருவதால் வீடே தடுப்பாக நிற்கும், காலை வெயிலும் கிடைத்த அளவு கிடைக்கும். நெட்டை ரகத்துக்கு நட்ட அன்றே குச்சி ஊன்றுங்கள். வளர்ந்த பிறகு ஊன்றினால் வேரைக் குத்தும்.

பருவமழை நாளில் நத்தையும் இலையட்டையும் (ஓடில்லாத நத்தை) ஒரே இரவில் ஒரு தட்டு நாற்றைத் தின்று தீர்க்கும். கேரளப் பக்கத்தில் ஆப்பிரிக்கப் பெருநத்தைத் தொல்லை வேறு. நனைத்த சாக்குக்கு அடியில் பப்பாளி இலையைப் போட்டு வைத்தால் இரவில் அங்கே வந்து சேரும். காலையில் கையுறையோடு எடுத்து உப்புத் தண்ணீரில் போடலாம். மண்ணில் உப்பைத் தூவாதீர்கள், செடிக்கும் அதே கேடு.

சாம்பல் நோய் சாரல் ஓய்ந்து வெயிலும் பனியும் மாறி மாறி வரும்போது அடிஇலையில் மாவு தூவினாற்போலத் தொடங்கும். ஆரம்பத்திலேயே அந்த இலைகளைக் கிள்ளிவிட்டு, நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் மாலையில் தெளியுங்கள். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். நெட்டை ரகத்துக்கு ஒரு அடி இடைவெளி என்பதைக் குறைக்காமலிருப்பதே பாதி மருந்து. சிவப்பு விளிம்போடு பழுப்புப் புள்ளி வந்தால் அது இலைப்புள்ளி. விதை வழியாகவும் பரவும் என்பதால் அந்தச் செடியில் விதை எடுக்கவே கூடாது. பெயரில்லாப் பாக்கெட்டை நம்பக் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

பூவைப் பறிக்கும் பதம்: பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். தலை தொங்கி ஆடினால் இன்னும் முற்றவில்லை, பறித்தால் தண்ணீரில் விறைக்காது. தண்டு குச்சி மாதிரி நின்றால் பறிக்கலாம். பறிக்கப் பறிக்கப் பூக்கும் செடி இது.

யார் இந்தப் பெட்டியை வாங்கலாம்? வீட்டில் ஒரு சாமானும் இல்லாத யாருக்காவது பரிசாகக் கொடுக்க நினைக்கிறவர்கள் வாங்கலாம்; கூடவே ரகப் பெயர் போட்ட ஒரு விதைப் பாக்கெட்டைச் சேர்த்துக் கொடுத்தால் பரிசு பலிக்கும். மற்றவர்கள் கழுவிய கோகோபீட் கட்டி ஒன்று, நல்ல விதை 2 கிராம், 19:19:19 கால் கிலோ என்று உரக்கடையில் தனித்தனியாக வாங்கினால் இந்த விலைக்குள்ளேயே முடியும். உரம் அடுத்த வருஷத்துக்கும் மிஞ்சும். விற்பவர்கள் பெட்டியைத் திருத்த நினைத்தால் மூடியையும் ஊக்கியையும் எடுத்துவிட்டு, அந்தக் காசில் சோதனைத் தேதி அச்சிட்ட 150 விதை வைக்கட்டும். தமிழிலும் மலையாளத்திலும் தாள் அச்சிடட்டும்.

ஒரு தடவை நல்ல விதை வாங்கினால் அடுத்த வருஷம் வாங்க வேண்டியதும் குறையும். வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) ரகமாக இல்லாவிட்டால், நோயில்லாத செடியில் நல்ல அடுக்குப் பூ இரண்டைப் பறிக்காமல் விட்டு, தலை முழுசும் பழுப்பாகிக் காம்பும் காயும்வரை காத்திருங்கள். மழை வருமென்றால் காம்போடு வெட்டி வீட்டுக்குள் தலைகீழாகத் தொங்கவிடலாம். விதை இரண்டு வகையாக இருக்கும். இதழின் அடியில் ஒட்டியிருப்பது அகன்ற மண்வெட்டி வடிவம்; நடுவிலுள்ள சிறு பூக்களில் வருவது ஒடுங்கி நீண்டது. இரண்டும் முளைக்கும். தேனீ பல நிறத்துப் பூவிலும் உட்கார்ந்து வருவதால் தாய்ச் செடியின் நிறமே வருமென்று எதிர்பார்க்க வேண்டாம். நிறம் மாறாமல் வேண்டுமென்றால் குச்சிதான் வழி. உதிர்த்த விதையை நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, காகித உறையில் போட்டு, உறையை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகிய பாட்டிலில் வைத்து ஃப்ரிட்ஜின் கதவில் வையுங்கள். சாரல் ஈரம் ஏறும் அலமாரியில் வைத்த விதை அடுத்த ஆனிக்குள் வீரியம் இழக்கும். உறையின் மேல் நிறத்தோடு விதை எடுத்த மாதத்தையும் எழுதிவையுங்கள்.